பதினாறு கோடிச் சாண்

எந்த வரைபடத்திலும் சரியாக அச்சேறாத அலைமுனை என்றொரு நாடு இருந்தது. மூன்று பக்கம் கடல், நான்காவது பக்கம் உப்பளம். அந்நாட்டு மக்கள் மீன் பிடித்தார்கள், உப்பு வாரினார்கள், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரிசையில் நின்று நாடாள்வார் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த பிறகு அடுத்த ஐந்து ஆண்டுகளும் வேறு வேறு வரிசைகளில் நின்றார்கள்.

துறைமுகத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட கூடம் ஒன்று இருந்தது. கயிறு சோதிக்கும் கூடம். அதன் பொறுப்பாளர் அருளாயி. படகை இழுக்கிற வடமானாலும் சரி, சரக்குப் பெட்டியைத் தூக்குகிற கிரேன் கம்பியானாலும் சரி, அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி அவளிடம் அனுப்புவார்கள். அவள் அதை இயந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுப்பாள். எந்த எடையில் அறுந்ததோ அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தாங்கும் எடை என்று எழுதி முத்திரை குத்துவாள். பாதியாவது போடம்மா என்று முதலாளிகள் வந்து கெஞ்சியிருக்கிறார்கள். அவள் சிரித்து அனுப்பிவிடுவாள்.

அவளுடைய கணவன் துறைமுகத்தில் சுமை ஏற்றுகிறவனாக இருந்தான். யாரும் சோதிக்காத கிரேன் கம்பி ஒன்று ஒரு காலைவேளையில் அறுந்து, மேலேயிருந்த சிமெண்ட் மூட்டைகளோடு அவன்மேல் விழுந்தது. அரசாங்கம் கருணை அடிப்படையில் அருளாயிக்கு அந்தக் கூடத்திலேயே பெருக்கும் வேலை கொடுத்தது. பெருக்கிக்கொண்டே பார்த்தாள், பார்த்துக்கொண்டே கற்றாள், இரவுப் பள்ளியில் தேர்வெழுதினாள், பத்து ஆண்டில் பொறுப்பாளர் ஆனாள். அவள் முத்திரை குத்திய கயிற்றின் கீழே நின்ற எவரும் அதன்பின் சாகவில்லை. துறைமுகத்துக்காரர்கள் இதை வெளியே பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கயிற்றில் அவள் முத்திரை இருக்கிறதா என்று பார்க்காமல் ஒருவனும் அதன் கீழே போக மாட்டான்.

ஒரு நாட்டுநாள் விழாவில் நாடாள்வார் கொற்றவேலர் மேடையேறி வானேணித் திட்டத்தை அறிவித்தார். கடலுக்குள் ஒரு மேடை. அந்த மேடையிலிருந்து முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கயிறு. அதற்கும் அப்பால் எதிர்ப்பாரமாக ஒரு பெரும் பாறை. பூமி சுற்றும் வேகத்திலேயே பாறையும் சுற்றும், கயிறு விறைத்து நிற்கும், அதைப் பற்றிக்கொண்டு லிஃப்ட் ஏறும். மேலே வெயில் மறையாது. அந்த வெயிலில் மின்சாரம் எடுத்துக் கீழே அனுப்புவோம், எல்லாருக்கும் வேலை மேலே இருக்கிறது, குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் இருக்கை உறுதி என்று அவர் சொன்னபோது, கூட்டத்தில் பலருக்குக் கண் கலங்கியது. அருளாயிக்கும்தான். அதுவரை அவளிடம் எவரும் அவ்வளவு நீளமான கயிற்றைப் பற்றிப் பேசியதில்லை.

அடுத்த மாதம் ஒரு கண்ணாடிக் குப்பியில் மாதிரி வந்தது. கொண்டுவந்தவர் மாசிலாமணி. அந்த இழையைக் கண்டுபிடித்த விஞ்ஞானி. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். குப்பிக்குள் தலைமுடியைவிட மெல்லிய கறுப்பு இழை, ஒரு சாண் நீளம். அருளாயி அதை மாட்டி இழுத்தாள். கட்டைவிரல் தடிமன் கம்பிக்குப் பயன்படுத்தும் இயந்திரம் அது. இந்த இழைக்காக எடை காட்டும் மிகச் சிறிய முள்ளைப் பொருத்தினாள். முள் ஏறிக்கொண்டே போனது. அதே பருமனில் எஃகு அறும் இடத்தைத் தாண்டியது, இரண்டு மடங்கைத் தாண்டியது, பத்தைத் தாண்டியது. அவள் தன்னை அறியாமல் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கடைசியில் அறுந்த எடையைப் பார்த்து, முள் பழுதோ என்று அவரிடம் இன்னோர் இழை வாங்கி அதையும் இழுத்தாள். பழுதில்லை.

எஃகுக் கம்பியை வானத்திலிருந்து தொங்கவிட்டால் முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் தன் எடையாலேயே அறுந்துவிடும் என்றும், தன் எடையைத் தானே சுமந்து அவ்வளவு உயரம் போகக்கூடிய ஒரே பொருள் இதுதான் என்றும் மாசிலாமணி விளக்கினார். எவ்வளவு நீளம் செய்ய முடியும் என்று அருளாயி கேட்டாள்.

அவர் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "ஒரு சாண்தான் அக்கா," என்றார். "அதுக்கு மேல போனா நடுவுல எங்கயோ ஒரு அணு தப்பிடுது. ஒண்ணு தப்புனா போதும், அங்கயே அறுந்துடும்."

"முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை சாண்?"

"பதினாறு கோடி." அவர் குப்பியை மூடினார். "இது நடக்கும் அக்கா. நிச்சயமா நடக்கும். முப்பது வருஷம் குடுத்தா நானோ எனக்குப் பின்னால வர்றவங்களோ செஞ்சுடுவோம். அவங்க முப்பது வாரம் குடுத்திருக்காங்க."

அருளாயி உண்மையையே எழுதினாள்: 'ஒரு சாண் இழை மிகச் சிறப்பாகத் தாங்குகிறது.' உயரத்துறை என்று புதிதாக ஓர் அமைச்சகம் தொடங்கியிருந்தார்கள். அதன் அமைச்சர் திருமேனியார் அந்த வரியைப் பேரவையில் வாசித்துக் காட்டினார். ஒரு சாண் தாங்குமென்று அரசுச் சோதனைக்கூடமே சான்றளித்துவிட்டது. எல்லாச் சாணும் ஒரே அளவுதான் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆகவே பதினாறு கோடிச் சாணும் தாங்கும் என்றார். பேரவை மேசையைத் தட்டியது.

அதன்பின் ஆணைகள் வரத் தொடங்கின. மேலே பசி இருக்காது என்பதால் ரேஷன் அட்டையை ஒப்படைத்துவிட்டு மேலேறும் அட்டை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றது முதல் ஆணை. நாட்டில் வேறெதுவும் உயரமாக இருப்பது கயிற்றுக்கு மரியாதையல்ல என்று கரையோரத் தென்னைகளை வெட்டச் சொன்னது இரண்டாவது. கயிற்றைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் படகு வரக்கூடாது என்றது மூன்றாவது. அந்த வட்டத்துக்குள் சிப்பித்துறை என்கிற மீனவர் ஊர் முழுவதும் இருந்ததால், ஊரையே லாரிகளில் ஏற்றி உப்பளத்துக்கு அப்பால் தகரக் கொட்டகைகளில் இறக்கினார்கள். மின்னல் கயிற்றைத் தாக்குமே என்று ஓர் உறுப்பினர் கேட்டதற்கு, வானிலை அலுவலகம் இனி மின்னலை 'இயற்கை ஒளியூட்டல்' என்று குறிப்பிட வேண்டும் என்று உத்தரவானது.

சிப்பித்துறையில்தான் அருளாயியின் நாத்தனார் பவளக்கொடி இருந்தாள். கூடையில் மீன் சுமந்து விற்கிறவள். தம்பி செத்த அன்று, தன் அழுகையை நிறுத்திவிட்டு அருளாயிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள். அந்தக் கம்பி அறுந்ததில் ஒருத்தி கணவனை இழந்தாள், ஒருத்தி தம்பியை இழந்தாள். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் வாரம் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளாமல் இருந்ததில்லை.

கொட்டகைக்கு அருளாயி போனபோது பவளக்கொடி வாசலில் வெறும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். கடலுக்கு நடந்து போகவே அரை நாள் ஆகிறது, போனாலும் விடுவதில்லை. ரேஷன் கடையில் மேலேறும் அட்டையைக் காட்டினால், இது மேலே மட்டும்தான் செல்லும் என்கிறார்கள். அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அருளாயி கொண்டுவந்த அரிசியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, எப்போது கையெழுத்துப் போடுவாய் என்று கேட்டாள்.

"எதுல மதினி?"

"கயிறு தாங்கும்னு நீ கையெழுத்துப் போட்டாத்தான் வேலை தொடங்குமாம். ஊரே சொல்லுது. நீ போடலைன்னுதான் நாங்க இந்த உப்புக் காட்டுல கெடக்கோம்."

கயிறே இன்னும் இல்லை என்று அருளாயி சொல்லிப் பார்த்தாள். பவளக்கொடி அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. வீட்டைக் கொடுத்தாயிற்று, கடலைக் கொடுத்தாயிற்று, அட்டையைக் கொடுத்தாயிற்று. இவ்வளவும் கொடுத்த பிறகு அது பொய்யாக இருக்க முடியாது என்பது அவள் கணக்கு. பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் அருளாயியைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். அன்று திரும்பும் பேருந்தில் அவள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

முப்பது வாரம் முடிகிற சமயம், கூடத்துக்கு மாதிரியாக நூறு முழம் கயிறு வந்தது. சுண்டுவிரல் தடிமன், கறுப்பு நிறம். அமைச்சர் திருமேனியாரே உடன் வந்திருந்தார். அருளாயி நகத்தால் சுரண்டினாள். கறுப்பு பெயிண்ட் உதிர்ந்தது. உள்ளே சாதாரணக் கம்பி. அதன்மேல் சாண் சாணாக மாசிலாமணியின் இழைகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் இயந்திரத்தில் மாட்டினாள். கம்பியும் நல்ல கம்பியில்லை. சீக்கிரமே அறுந்தது. அறுந்த சத்தத்தில் அமைச்சரின் உதவியாளர் மேசைக்குக் கீழே போய்விட்டார்.

"அறுந்தது என்று எழுத வேண்டாம்," என்றார் அமைச்சர், மிகுந்த அமைதியோடு. "இரண்டாகப் பெருகியது என்று குறிப்பிடுங்கள். அதுவே வளர்ச்சிக்கு உகந்த சொல்."

"இதுக்குக் கீழ ஆளுங்க நிப்பாங்க ஐயா."

"மேலே போகிறவர்களைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கீழே நிற்பவர்களைப் பற்றித் தனித் துறை இருக்கிறது."

அவள் எழுதியது எடையை மட்டும்தான். எந்த எடையில் அறுந்தது, அதில் ஐந்தில் ஒரு பங்கு எவ்வளவு, அது எத்தனை பேரைத் தாங்கும். இரண்டு பேரை. அதுவும் கூண்டில்லாமல்.

மறுவாரமே சட்டம் திருத்தப்பட்டது. கயிற்றை அறும்வரை இழுத்துச் சோதிப்பது நாசவேலை என்று வரையறுத்தார்கள். இயந்திரத்துக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். அருளாயியை அரசு விழாக்களுக்குக் குடிநீர் வழங்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். மாசிலாமணி தம் படத்தைத் திட்டத்தின் சுவரொட்டியிலிருந்து எடுக்கச் சொல்லி எழுதிய கடிதத்துக்கு, அவருடைய ஆய்வுக்கூடத்தைப் பூட்டி விடை அளித்தார்கள்.

ஆனாலும் சான்று இல்லாமல் கயிற்றை ஏற்றப் பேரவைக்குக் கூச்சமாக இருந்தது. தனி ஒரு அலுவலர் தீர்மானிப்பதைவிட மக்களே தீர்மானிப்பதுதான் முறை என்று நாடாள்வார் கருதினார். நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் ஒரே கேள்வி: கயிறு தாங்குமா, தாங்காதா? நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் தாங்கும் என்று வாக்களித்ததாக அன்று மாலையே அறிவித்தார்கள். அலைமுனையின் வரலாற்றில் எந்தக் கயிறும் இவ்வளவு பெரிய வெற்றி பெற்றதில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

தான் தாங்கும் என்றுதான் குத்தினேன் என்று பவளக்கொடி நேராகவே சொன்னாள். அருளாயி கோபப்படவில்லை. அவளுக்கும் வாக்குச்சாவடியில் நின்றபோது, தாங்கிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

முதல் ஏற்றத்துக்கான நாளும் வந்தது. அதே கறுப்புக் கயிற்றின் மேல்முனையைப் பிடித்துக்கொள்ள வானத்தில் பாறை எதுவும் இன்னும் போய்ச் சேரவில்லை. எனவே மேகத்துக்குள் ஒரு பிரம்மாண்டமான பலூனை ஏற்றி, அதில் கயிற்றைக் கட்டியிருந்தார்கள். நிரந்தர வானம் கிடைக்கும்வரை இது தற்காலிக வானம் என்று அறிக்கை கூறியது. கீழேயிருந்து பார்த்தால் கறுப்புக் கோடொன்று நேராக மேகத்துக்குள் போய் மறைவது மட்டும் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. கூட்டம் மூச்சுவிடாமல் அண்ணாந்து பார்த்தது. மேடையில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் முதலில் ஏறப் பன்னிரண்டு பேரைக் குலுக்கலில் எடுத்திருந்தார்கள்.

தண்ணீர் கேன்களோடு நின்றிருந்த அருளாயி அந்த வரிசையில் ஏழாவதாக மாலையும் கழுத்துமாகப் பவளக்கொடியைக் கண்டாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். ஏறாதீங்க மதினி என்றாள். பவளக்கொடி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஆசையும் இல்லை, பயமும் இல்லை.

"உன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல. கீழ எனக்கு என்ன இருக்கு, சொல்லு. அங்கயாவது என்ன இருக்குன்னு பாத்துட்டு வரேன்."

அருளாயி கத்தினால் அவளை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கூண்டு அப்படியே ஏறிவிடும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அமைச்சர் திருமேனியாரிடம் போனாள். குடிநீர்ப் பிரிவின் சார்பில் ஒரு சந்தேகம் என்று பணிவாகச் சொன்னாள். மேலே தண்ணீர் வசதி செய்தாகிவிட்டதா?

அமைச்சர் யோசித்தார். அதை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. சுற்றிலும் கேமராக்கள் இருந்தன.

"பன்னெண்டு பேரும் போனதும் தாகத்துக்குக் கேட்பாங்க ஐயா. முதல் நடையில தண்ணி போயிடட்டும். அடுத்த நடையில ஆளுங்க போகலாம்."

குடிமக்களின் தாகத்தை முன்கூட்டியே உணர்ந்த அரசு என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கூண்டை இயக்குகிறவர் கிரேன் மேஸ்திரி சவரிமுத்து. அருளாயியின் கணவனோடு வேலை பார்த்தவர். அவள் கேன்களை எண்ணி எண்ணி ஏற்றச் சொன்னபோது அவர் அவள் முகத்தைப் பார்த்தார். இருபது லிட்டர் கேன் நாற்பத்திரண்டு. பன்னிரண்டு பேருடைய எடை. அவருக்குப் புரிந்துவிட்டது. மேடையில் நின்றவர்களையெல்லாம் கரையோடு இணைக்கும் பாலத்துக்கு அப்பால் அனுப்பிவிட்டுத்தான் விசையைத் தள்ளினார்.

கூண்டு ஏறியது. தென்னை உயரம் போனது, அதன் இரண்டு மடங்கு போனது. கூட்டம் கைதட்டியது. ஒரு கணம் அருளாயியே, தாங்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அப்போது மேகத்துக்குள்ளிருந்து அவளுக்கு மட்டும் பழக்கமான அந்தச் சத்தம் வந்தது. கூண்டு கடலில் விழுந்தது. கறுப்புக் கயிறு மெதுவாக, நீளமாக, வெறுமையாகக் கிடந்த சிப்பித்துறையின் கூரைகள்மேல் வந்து படுத்தது. பலூன் யாருக்கும் சொல்லாமல் அடுத்த நாட்டுக்குப் போய்விட்டது.

பாலத்தின் இந்தப் பக்கம் பன்னிரண்டு பேரும் மாலையோடு நின்றார்கள். பவளக்கொடி கடலில் மிதந்த கேன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாலையைக் கழற்றினாள். காவலர்கள் வந்து அருளாயியை அழைத்துப் போனார்கள்.

ஓய்வுபெற்ற நீதியரசர் அம்பலவாணர் தலைமையில் ஆணையம் அமைந்தது. அவர் பொறுமைசாலி, நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர். தொண்ணூற்றிரண்டு விழுக்காடு பெற்ற கயிற்றில் குறை காண ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று முதல் நாளே தெளிவுபடுத்தினார். அப்படியானால் கயிறு அறுந்ததற்குக் காரணம் எஞ்சிய எட்டு விழுக்காட்டினரின் அவநம்பிக்கைதான். அவர்கள் எல்லாரும் சேர்ந்து கயிற்றின்மேல் ஏற்றிய பாரத்தை அதனால் தாங்க முடியவில்லை. அவர்களைக் கண்டுபிடித்து நாடு கடத்த வேண்டும். வாக்குச்சீட்டில் பெயர் இல்லாததால், குடிமக்கள் ஒவ்வொருவராக வந்து தாங்கள் எப்படி வாக்களித்தோம் என்று உறுதிமொழி கூற வேண்டும் என்று ஆணையிட்டார்.

முதலில் அருளாயியை நிறுத்தினார்கள். தாங்காது என்று குத்தியதாகச் சொன்னாள். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

அடுத்து யார் என்று கேட்டபோது பவளக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். உப்புக் காட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி நடந்தே வந்திருந்தாள். கால் வெடித்திருந்தது.

"நானும் தாங்காதுன்னுதான் குத்துனேன். எழுதிக்கோங்க," என்றாள்.

அருளாயி திடுக்கிட்டுத் திரும்பினாள். பவளக்கொடி அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் சவரிமுத்து வந்தார். தாங்காது. பின்னால் மாலையோடு நின்ற மற்றப் பதினொரு பேர். தாங்காது. சிப்பித்துறை முழுவதும் வரிசையாக வந்தது; கதவைச் சாத்திய கொட்டகைக்காரர்களும் வந்தார்கள். உப்பளத்துக்காரர்கள், துறைமுகத்துக்காரர்கள், ரேஷன் கடைக்காரர். மாசிலாமணி வந்து, இந்தக் கயிறு தாங்காது, இன்னொன்று ஒரு நாள் தாங்கும் என்று இரண்டையும் எழுதச் சொன்னார். முதல் வரியை மட்டும் எழுதிக்கொண்டார்கள். நான்கு நாள் ஆயிற்று. வரிசை துறைமுகம்வரை நீண்டிருந்தது. ஐந்தாம் நாள் கடைசிப் பக்கத்தில் எழுத்தர் தம் பெயரையும் எழுதுவதை நீதியரசர் கவனித்தார்.

"அப்படியானால் தாங்கும் என்று வாக்களித்தவர்கள் யார்?" என்று கேட்டார்.

"அதை விசாரிக்க நமக்கு அதிகாரம் தரப்படலைங்க ஐயா," என்றார் எழுத்தர்.

ஒரு நாட்டையே நாடு கடத்த அதற்கு வெளியே இடம் போதாது என்பதால், அருளாயியை விட்டுவிட்டார்கள். வாசலில் பவளக்கொடி காத்திருந்தாள். இருவரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"எதுக்கு மதினி பொய் சொன்னீங்க?"

"அந்தப் பெட்டிக்குள்ள போட்டதுதான் பொய்," என்றாள் பவளக்கொடி. "எவ்வளவு நாளைக்கு நம்பி நம்பிப் பாக்குறது? எனக்கு அலுத்துப்போச்சு அருளு. வா, வீட்டைப் பாத்துட்டு வருவோம்," என்றாள்.

சிப்பித்துறைக்குப் போகும் சாலையில் இவர்களுக்கு முன்னாலேயே ஆட்கள் மூட்டையோடு நடந்துகொண்டிருந்தார்கள். திரும்பிப் போகலாம் என்று எந்த ஆணையும் வந்திருக்கவில்லை. தடுக்க வேண்டிய காவலர்கள் உறுதிமொழி கூறிவிட்டு அப்போதுதான் வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அருளாயி ஒரு கிழவரின் மூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

நீதியரசர் தம் அறிக்கையை நாடாள்வாரிடம் நேரில் அளித்தார். சுருக்கமான அறிக்கை. தாங்காது என்று வாக்களித்தோர் பட்டியல் நானூறு பக்கம், தாங்கும் என்று வாக்களித்தோர் பட்டியல் ஒரு வரி. அதில் உறுதிமொழி கூற வராத இருவரின் பெயர்கள் இருந்தன: நாடாள்வார் கொற்றவேலர், உயரத்துறை அமைச்சர் திருமேனியார்.

அன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் ஆணையத்துக்கு ஒரு திருத்தக் கடிதம் வந்து சேர்ந்தது. தம் பெயர் எழுத்துப்பிழையால் தவறான பட்டியலில் இடம்பெற்றுவிட்டதாகவும், தாம் தொடக்கத்திலிருந்தே மக்களின் பக்கம்தான் என்றும் அதில் திருமேனியார் தெரிவித்திருந்தார்.